பொட்டு வைத்த சர்வர்

எங்கோ இருக்கும் கணினிக்குள் வீட்டிலிருந்தே பத்திரமாக நுழைய ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் என்போம். என் பிழைப்பே அதில்தான். புதுப் பதிப்பு வந்தால் கூட வேலை செய்பவர்கள், "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்கு நோண்டணும்?" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. வெளியீட்டுக் குறிப்பை முழுக்கப் படித்துவிட்டு அன்றைக்கே வேலையில் இறங்கிவிடுவேன்.

அந்தப் பதிப்பு பழைய வகைச் சாவிகளை அடியோடு ஒதுக்கியிருந்தது. சாவி என்றால் கணினியில் இருக்கும் ஒரு சின்னக் கோப்புதான். பழசு பலவீனமானது, இனி செல்லாது. நல்ல காரியம் என்று நினைத்தேன். மேனாம்பேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். ரிப்போர்ட்டுகளைச் சேமித்துவைக்கும் அதன் சர்வர் கணினி என் பொறுப்பு. எனக்கும், ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் அவர்களது கிளைக்கும் முன்கூட்டியே புதுச் சாவி போட்டுவைத்தேன். ஆயுத பூஜை விடுமுறை, கூட்டம் இருக்காது என்று, ஐயப்பன்தாங்கல் பிளாட்டில் உட்கார்ந்து மென்பொருளை மாற்றினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திரையில் புது ஜன்னல் திறந்து சர்வருக்குள்ளே போய்ப் பார்க்கும்வரை, பழைய ஜன்னலை மூடவே கூடாது. தப்பு நடந்திருந்தால் அதன் வழியாகத்தான் சரி செய்ய முடியும். நானும் மூடவில்லை. புதியதைத் திறந்தேன். பதிலில்லை. பழையதைப் பார்த்தால் அதுவும் உறைந்து கிடந்தது. அடப்பாவி, இதெப்படி? நான் செய்ததில் தப்பே இல்லை என்று சத்தமாகவே சொன்னேன்.

அப்போது ஆவடிக் கிளையில் வேலை செய்யும் பெண் போன் செய்தாள். "மேடம், டாக்டரு நின்னுகினு கீறாரு. டெங்கு வந்த கொழந்த. காலைல மேனாம்பேட்டுக்கு அனுப்ன ரத்தம், டெஸ்ட்டு முட்ஞ்சிச்சாம், ரிப்போர்ட்டுதான் வர்ல. பிளேட்லெட் எவ்ளோன்னு பாத்துட்டுதான் பெட்டா, ஊட்டுக்கு அனுப்பலாமான்னு சொல்வாராம்."

லேப் முதலாளியைக் கூப்பிட்டேன். மேனாம்பேட்டுக்காரர், சொந்த வயலில் லேப் கட்டியவர்.

"சார், சர்வருக்கு என்னாச்சு?"

"இன்னாமா, இன்னிக்கி பூஜை! மெஷினு, பைக்கு, உன் சர்வரு எல்லாத்தியும் ஆஃப் பண்ணி, தொடச்சி, பொட்டு வச்சி, பொரி படச்சிகீறேன். நாளிக்கி வரிக்கும் ஆயுதத்தத் தொடக் கூடாது."

"உங்க பொரில இடி விழ! ஒரு குழந்தையோட ரிப்போர்ட் அதுக்குள்ள கிடக்கு சார்!"

போன் கட்டாயிற்று. செருப்புகூடப் போடாமல் ஓடியிருக்கிறார் என்று அவர் மனைவி பின்னால் சொன்னார்.

சர்வர் உயிர் பெற்றது. இனி என் வேலைதான் பாக்கி. புதுப் பதிப்பில் நான் எழுதிய அமைப்பில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் உள்ளே விடாது. பண்டிகை நெரிசலில் மேனாம்பேட்டுக்கு ஆட்டோ பிடித்து ஓட வேண்டியதுதான். சாவியைக் கொடுத்தேன். சமர்த்தாகத் திறந்தது. திறக்காமல் என்ன செய்யும்? செய்தது நானாச்சே. ஆவடியின் புதுச் சாவியையும் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டேன்; அங்கே பிரின்டர் ஓடும் சத்தம் போனிலேயே கேட்டது. பிளேட்லெட் எண்ணிக்கை மிகவும் குறைவு. "ஒடனே பெட் போடுங்க, ஊட்டுக்கெல்லாம் போக வேணாம்," என்று டாக்டர் சொன்னதும் கேட்டது. இன்னும் தாமதித்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

முதலாளி மறுபடி அழைத்தார். "இன்னாச்சுமா?"

"போய்ச் சேந்திருச்சு சார்," என்றேன் நிம்மதியாக.

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்தது. அப்புறம் அந்த மனுஷன் ஓவென்று அழும் சத்தம். "ஐயோ, நாந்தாம்மா கொன்னுட்டேன்! பொட்டு வச்சிகினு குந்திகீறேன் பாரு, பாவி!"

"சார், சார்! ரிப்போர்ட் சார்! ரிப்போர்ட்தான் போய்ச் சேந்துச்சு. குழந்தைய அட்மிட் பண்ணிட்டாங்க, நல்லாருக்கு!"

அழுகை நிற்க நேரமாயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"இனிமே கெடச்சிதுன்னு சொல்லும்மா."