அறிவித்துவிட்டு அளந்த சத்தம்

எங்கள் அரச கந்தோரில் சத்தம் அளப்பதற்கென்று ஓர் ஆளும் ஒரு மீற்றரும் உண்டு. ஆள், கிருபைரட்ணம் அண்ணை. வயது ஐம்பத்தெட்டு. மீற்றருக்கு வயது பன்னிரண்டு. அண்ணையைவிட அதுதான் அடிக்கடி சுகயீன லீவில் நிற்கும். தேவாலயப் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறார் என்கிறார்கள். நான் நம்பவில்லை. கந்தோரில் அவர் வாய் திறந்தால் பக்கத்து மேசைக்காரரே "என்ன?" என்று கேட்பார். யாழ்ப்பாண நகரம் முழுவதும் கத்துகிறவர்களை அடக்க இப்படியொருவரைத் தேர்ந்தெடுத்த மகராசனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் அங்கே எழுதுவினைஞன். முன்னறிவித்தல் கடிதம் தட்டுவது என் வேலை. "உங்கள் கடையின் ஒலிபெருக்கியை எதிர்வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அளக்க வருகிறோம். ஒத்துழைக்கவும்." பதிவுத்தபாலில் போகும். கள்ளனுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பிடிக்கப் போகிற பொலிஸை யாராவது கண்டதுண்டா? எங்கள் கந்தோருக்கு வாருங்கள், காட்டுகிறேன். ஒருவரின் படலைக்குள் சொல்லாமல் நுழைவது மரியாதையில்லையாம். எங்கள் மேலதிகாரி அவ்வளவு நல்ல வளர்ப்பு.

போன தை மாதம் ஜெயனி முறைப்பாட்டோடு வந்தாள். இருபத்தேழு வயது. பிறவியிலேயே கண் தெரியாது. தினமும் இணுவிலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, றோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்து நிறுவனமொன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை. அவள் இறங்குமிடத்தில்தான் பார்த்தீபனின் ஃபோன் கடை. வாசலில் அலுமாரி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்.

"சேர், பாட்டை நிப்பாட்டச் சொல்லேல்லை. வாகனம் வாறது எனக்குக் கேக்கோணும், அவ்வளவுதான். முந்தநாள் ஒரு ஓட்டோ என்ரை பிரம்பை முறிச்சுப்போட்டுப் போட்டுது. அம்மா இனி வேலைக்குப் போகவேண்டாம் எண்டு நிக்கிறா."

"கையைப் பிடிச்சுக் கடத்திவிட ஆள் பாக்கட்டோ பிள்ளை?" என்றார் அண்ணை.

"வேண்டாம் சேர். இண்டைக்கு ஒராள் பிடிப்பார், நாளைக்கு ஆர்? தனியப் போய் வரேலுமெண்டாத்தான் அம்மா விடுவா."

நான் கடிதம் தட்டினேன். புதன்கிழமை பத்து மணிக்கு அண்ணையோடு நானும் போனேன். பார்த்தீபன் வாசலிலேயே கைகூப்பி நின்றான். ஸ்பீக்கரில் தேவாரம், அதுவும் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓதுகிற அளவில். இரண்டு கதிரை, இரண்டு சோடா.

"இருங்கோ சேர், வெய்யிலுக்கை வந்திருக்கிறியள். எங்கடை கடையிலை எப்பவும் இவ்வளவு சத்தம்தான்."

மீற்றர் ஐம்பத்தாறு டெசிபல் காட்டியது. அதிலும் பாதி, பார்த்தீபன் எங்களை உபசரித்த சத்தம். முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை தட்டியதும் நான்தான். அன்று நாங்கள் சந்தி திரும்பமுன்னரே குத்துப்பாட்டு வழியனுப்ப வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அண்ணை காலையில் நேரே அங்கே போகத் தொடங்கினார். எட்டேகாலுக்கு ஜெயனியின் பஸ் வரும். அண்ணை கடைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று மீற்றரைத் தூக்கிப் பிடிப்பார். அளக்கமாட்டார், அறிவிக்காமல் அளந்தால் செல்லாது. சும்மா பிடிப்பார். அதைக் கண்டதும் பார்த்தீபன் விழுந்தடித்துப் பாட்டைக் குறைப்பான். ஜெயனி நின்று, காது கொடுத்து, கடந்து போவாள். அண்ணை அவளோடு ஒரு வார்த்தை கதைப்பதில்லை. அவர் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியாது. வருடக்கணக்காக அளந்தும் குறையாத சத்தம் அளக்காமல் விட்டதும் குறைந்ததென்றால், எங்கள் திணைக்களத்தின் பெருமையை என்னவென்று சொல்வது!

நல்லது நடந்தால் எங்கள் மேலதிகாரிக்கு மூக்கில் வேர்த்துவிடும். மூன்றாம் வாரம் அண்ணையைக் கூப்பிட்டார்.

"அறிவித்தல் இல்லாமல் மீற்றரை வெளியிலை கொண்டு போறியளாம். ஆர் அனுமதி தந்தது?"

"அளக்கேல்லை சேர். பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

"அளக்காததுக்கு மீற்றர் என்னத்துக்கு?"

மீற்றர் அலுமாரிக்குள் போனது. பூட்டிய திறப்பு மேலதிகாரியின் காற்சட்டைப் பைக்குள் போனது.

அந்தப் பிள்ளை நாளைக்கு எப்படிக் கடக்கும் என்ற பயத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் எட்டு மணிக்கே அங்கே போனேன். எனக்கு முன்னரே அண்ணை வந்து நின்றார். கையில் கறுப்பாக, நீளமாக ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். ரீவி ரிமோட்.

"மனிசி தேடப்போறா," என்றார் மெதுவாக.

பஸ் வந்தது. அண்ணை ரிமோட்டை உயர்த்தினார். றோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீபன் பார்த்தான். பாட்டு குறைந்தது. ஜெயனி இறங்கி நின்றாள். ஒரு மோட்டார் சைக்கிளைப் போகவிட்டாள், ஒரு வானைப் போகவிட்டாள். பிறகு பிரம்பைத் தட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள். நான் என் பெயரைச் சொல்லி, சுகமா என்று கேட்டேன்.

"நல்ல சுகம் சேர். உங்கடை கடிதம் நல்லா வேலை செய்யுது. கடைக்காரர் இப்ப ஒழுங்காக் குறைக்கிறார். இனி ஒருத்தற்றை உதவியும் எனக்குத் தேவையில்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். அவவும் ஓமெண்டிட்டா."

"ஓம் பிள்ளை," என்றேன்.

அண்ணை ஒரு முழம் தள்ளித்தான் நின்றார். அவள் வாசற்படி ஏறி உள்ளே போகும்வரை அவர் மூச்சுவிடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.