மூன்றாம் ஓலையும் ஒரு ஆமெனும்

த்ருவா நகரத்தில் மாட்டுக்குடல் கழுவி விற்கும் அலிசோனுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தெவெனன், பீப்பாய் செய்பவன். தூங்கும்போது நல்லவன். மூன்று வருடம் அவளோடு சும்மா சண்டை போட்டவன், கூலிக்கே போடலாமே என்று படையில் சேர்ந்து போய்விட்டான்.

ஆறு வருடம் கழித்து, அவனோடு போன ஒருவன் திரும்பி வந்து, தெவெனனைத் தன் கையாலேயே புதைத்ததாக திருச்சபை ஆயரின் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தான். அலிசோன் முறைப்படி அழுதாள். மறுவருடம் ரொட்டி சுடும் சிமோனே அவளைப் பெண் கேட்டான். அவள் மேல் வீசும் குடல் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத மனிதன். அதைவிடப் பெரிய சீர் வேறென்ன வேண்டும்?

சும்மா சேர்ந்து வாழ்ந்திருந்தால் ஊர் கண்ணை மூடிக்கொள்ளும். சிறு அபராதத்தோடு ஆயரும் மூடிக்கொள்வார். ஆனால் இருவருக்கும் கோயில் வாசலில் மோதிரம் வேண்டியிருந்தது. அங்கேதான் ஆபத்து. துணை உயிரோடிருக்க இன்னொரு கல்யாணம் செய்தவரை ஆயர் வீட்டு முற்றத்து ஏணியில் ஏற்றி ஊருக்குக் காட்டுவார்கள். ஆணுக்கு, மனைவிக்கு ஒன்றாக இரண்டு நூற்புக் கோல் கட்டுவார்கள்; பெண்ணுக்கு, புருஷனுக்கு ஒன்றாக இரண்டு ஆண் தொப்பி. பிறகு சிறை.

கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கடை முன்னால் ஒரு தாடிக்காரன் நின்றான்.

“நல்லா கழுவினதா குடு, அலிசோன்.”

குரலைக் கேட்டதும் அவள் கையிலிருந்த குடல் தொட்டிக்குள் வழுக்கி விழுந்தது.

“உன்னைப் புதைச்சாச்சுன்னாங்க.”

“புதைச்சாங்க. அங்க எனக்குப் பிடிக்கலை.” தெவெனன் பல்லைக் காட்டினான். “ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலையாமே? வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்படியே வீட்டுக்கு வரேன். கஞ்சி காய்ச்சி வை.”

சிமோனே கையை விட்டுப் போனான் என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் அவன் சட்டைக் கையைப் பார்த்தாள். முழங்கைக் கிழிசலில் ஒட்டுத் துணி. நீல நூலில், அரிசி அரிசியாகப் பொடித் தையல். மூலையில் சின்னதாய் ஒரு சிலுவை.

“இதை யாரு தைச்சா?”

“படையில ஒருத்தன்.”

“நல்ல கை. அந்த ஒருத்தனுக்கு உன்னால எத்தனை பிள்ளைங்க?”

தெவெனன் முழங்கையை மூடிக்கொண்டான். கேட்ட குடலை வாங்காமலே போய்விட்டான்.

அது பதிலா, இல்லையா? அவனும் வேறொருத்தியைக் கட்டியிருந்தால், கோயிலில் வாயைத் திறந்த மறுநாளே ஏணி அவனுக்கும்தான்; ஆனால் கூலிக்குத் தைக்கும் பெண்கள் எந்த ஊரில் இல்லை? சனிக்கிழமை முழுக்க யோசித்த அலிசோன், சிமோனேயிடம் மூச்சு விடாமல், நேராகப் பங்குச் சாமியாரிடம் போனாள். நாளைக்கு ஓலை வாசித்த கையோடு, மரித்தோர் பட்டியலில் தெவெனன் பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாள். புதுக் கல்யாணக் களையிலும் பழைய புருஷனை மறக்காதவள் என்று சாமியார் கண் கலங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கடைசித் தூண் ஓரம் தாடி தெரிந்தது. அலிசோன் பீடத்தை மட்டுமே பார்த்தாள்.

சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லட்டும் என்றார். யாரோ இருமினார்கள். பக்கத்தில் சிமோனே அசட்டுச் சிரிப்போடு மாவு ஒட்டிய நகத்தைச் சுரண்டினான். பின்னால் ஒரு செருப்பு தரையில் தேய்ந்தது. தேய்ந்த செருப்பு நின்றது.

சாமியார் பட்டியலுக்கு வந்தார். “பீப்பாய்காரர் தெவெனனின் ஆன்மா இளைப்பாறுக.”

“ஆமென்” என்றது கோயில்.

அரை நொடி பிந்தி, மூக்கால் பேசும் ஒரு குரல் தனியாக, “ஆமென்” என்றது. மூன்று வருடம் அவள் பக்கத்தில் நின்று அப்படித்தான் பிந்திச் சொல்லிக்கொண்டிருந்த குரல்.

சாமியாரின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தன் சாவுக்கு ஆமென் சொல்லிவிட்டு வெளியேறினான். இன்னொருத்திக்குச் செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்தது.

அலிசோன் முப்பது வருடம் ரொட்டிக்காரர் மனைவியாக வாழ்ந்தாள். வருடம் தவறாமல் தெவெனனுக்குப் பூசை வைத்தாள். ஆயர் வீட்டு ஏணியைத் தாண்டும்போதெல்லாம் தலை குனிந்து நடந்தாள். என்ன பக்தி என்றார்கள்.