பொட்டு வரைக்கும்தான் சத்தம்

மகளுக்குக் காது குத்தி ஓராண்டு ஆகப்போகிறது. அன்று எடுத்த வீடியோவைச் சத்தத்தோடு முழுதாகப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தவில் முழங்கியதும் என் மடியிலிருந்த குழந்தைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு அடைக்க அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகும், பின்னால் நின்று கைதட்டித் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காதில் குறை ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் எனக்கு மனம் ஆறவில்லை. காதுகுத்துக்கு மேளம் வேண்டாம், கீபோர்டு போதும் என்று முடிவு செய்தேன்.

மேளம் கொண்டுவருவது எங்கள் பக்கம் தாய்மாமன் பொறுப்பு. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"நாயனச் சத்தம் அதுலயே வருதுண்ணே."

"குலவைச் சத்தமும் வருதான்னு கேளுத்தா. நம்ம அயித்தைகளுக்கு வேலை மிச்சம்."

கீபோர்டு வாசிப்பவர் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். நாதஸ்வர ஒலியை வைத்து வலது கையால் வாசித்தபடி, இடது கையால் ஓரத்திலிருந்த சிறு சக்கரத்தை மெல்ல உருட்டினார். ஸ்வரம் வழுக்கிப் போய் ஓரிடத்தில் நின்று நடுங்கியது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. இயந்திரத்தில் உயிர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை.

விசேஷத்தன்று கோயில் மண்டபத்தில் அவருடைய ஸ்பீக்கரைக் கூட்டியும் குறைத்தும் கேட்டுப் பார்த்தேன். போதும் என்று தோன்றிய இடத்தில், குமிழுக்குப் பக்கத்தில், என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன்.

"இதைத் தாண்ட வேண்டாம் சார்."

"பொட்டே வச்சிட்டீக. இனி யாரும்மா தாண்டுவா?" என்று சிரித்தார்.

எத்தனையோ காதுகுத்துகளில் பார்த்ததுதான். மேளக்காரர்களின் கண் காது குத்தும் ஆசாரியின் கையிலேயே இருக்கும். ஊசி காதருகே போனதும் கெட்டிமேளம் எழும். அதைக் கேட்டுப் பெண்கள் குலவையிடுவார்கள். அத்தனை இரைச்சலில் குழந்தையின் அழுகை கரைந்துபோகும். குழந்தையும் வலியை விட்டுச் சத்தம் வரும் பக்கம் திரும்பிவிடும். அது வெறும் ஆரவாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அண்ணன் மடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி குத்தினார். கீபோர்டு அதே அளவில், அதே இனிமையில் போய்க்கொண்டிருந்தது. மேளம் ஏறும் என்று காத்திருந்த அத்தைகள் குலவையைத் தொடங்கவே இல்லை. மண்டபம் முழுக்க என் மகளின் அழுகை மட்டும் கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் என்னைத்தான் தேடினாள்.

அண்ணன் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சார், சத்தத்தைக் கூட்டுங்க. இன்னொரு காது இருக்கு," என்றான்.

அவர் குமிழில் கை வைத்து என்னைப் பார்த்தார். "கூட்டவாம்மா?"

கூட்டினால் கல்யாணத்தில் ஆனதுபோல உடம்பு தூக்கிப்போடுமோ? ஊசி பக்கத்தில் இருக்கும்போது தலையை ஆட்டினால் காது கிழிந்துவிடாதா? கூட்டாவிட்டால் மறுபடியும் அந்த அழுகை. "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆற விட்டா புள்ள காதைக் காட்டாதும்மா," என்ற ஆசாரி அதற்குள் குத்தி முடித்திருந்தார்.

யாரும் கேட்காமலே வாத்தியார் ஒரு தாலாட்டை வாசித்தார். சக்கரம் உருள உருள, மகள் விம்மிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினாள். அண்ணன் வெல்லம் சேர்த்த காப்பரிசியை அவள் உதட்டில் வைத்தான்.

அந்த வாத்தியம் எதையும் சொல்லக்கூடியதுதான். நான்தான் அதற்கு எல்லை போட்டு உட்காரவைத்தேன். மேளமே வைத்திருந்தால் மகள் இன்னும் பயந்திருப்பாளோ என்னவோ, அதுவும் தெரியவில்லை.

வீடியோவில் இரண்டாவது அழுகைக்குச் சற்று முன்னால் என் குரல் வருகிறது. தூரத்தில்தான் நின்றேன், மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தக் "கொஞ்சம்" தெளிவாகக் கேட்கிறது.