பீரோப் பாறை

அவரை நாங்கள் கடப்பாரை என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் பின்னால் ஓர் 'அண்ணன்' ஒட்டிக்கொள்ளும். செங்குத்தான மலைச்சரிவில், சாலைக்கு எண்பது அடி உயரத்தில், இடுப்பில் கயிற்றைக் கட்டித் தொங்கியபடி ஆடுகிற கற்களைத் தட்டிப் பார்த்து நெம்பித் தள்ளுவது அவர் வேலை. நெம்பினாலும் வராத கல்லைத் துளைபோட்டு, இரும்புக் கம்பியால் மலையோடு சேர்த்து முடுக்கிவிடுவார். அதற்கும் சரிப்படாத இடத்தில் சரிவின்மேல் இரும்பு வலையைப் போர்த்துவோம். கீழே போகிற பஸ்ஸின் தலையில் கல் விழக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

நான் மேல்பக்கத் தடுப்புக் கட்டையில் நிற்பவன். ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கையில் வாக்கி டாக்கி. அவர் "மூடு" என்றால் கட்டையை இறக்குவேன், "திற" என்றால் ஏற்றுவேன். பதினோரு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவர் பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவர். கட்டடத்தையாவது நம்பலாம், மலையை நம்பி எப்படித் தொங்குவது என்று அவர் மனைவி முதல் மாதம் முழுக்கப் புலம்பியிருக்கிறார். அந்த அம்மா பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில் தையல் வேலை பார்ப்பவர். இடுப்புப் பட்டை புதிதாக வந்தால், அதன் தையலை ஒவ்வோர் இடமாக இழுத்துப் பார்த்து, "பரவாயில்ல, ஒழுங்காத்தான் தெச்சிருக்கான்" என்று சொன்ன பிறகுதான் அண்ணன் அதை வேலைக்கு எடுத்து வருவார். அரசாங்க முத்திரையைவிட அவருக்கு அதுதான் பெரிசு.

பாறையைக் கடப்பாரையால் தட்டினால், கெட்டியான கல் ணங்கென்று சொல்லும், மலையை விட்டுப்போன கல் டொக்கென்று சொல்லும். இந்தத் தட்டுகிற பழக்கம் அவரை வீட்டிலும் விடவில்லை. ஒரே மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், பேச்சுக்கு நடுவே பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டார். பையனின் அம்மா முகம் சுருங்கிப்போயிற்று. பையன் பைக் மெக்கானிக். அவன் மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, எந்த இடம் என்று கேட்டுத் தானும் தட்டிப் பார்த்தானாம். கல்யாணம் நடந்தது. மகள் மலையின் மேல்பக்கத்துக்குக் குடிபோனாள். அவர் வீடும் ஆஸ்பத்திரியும் கீழ்ப்பக்கம். நடுவில் எங்கள் சாலை.

அந்தச் சாலையின் நடுப்பகுதியில், தலைக்கு மேலே, ஒரு பாறை நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மலையிலிருந்து கொஞ்சம் விலகி, கதவு லேசாகத் திறந்த பீரோ மாதிரி இருக்கும். அதனால் அதற்குப் பெயரே பீரோ. கதவிடுக்குக்கு இருபுறமும் அண்ணன் சிவப்புப் பெயிண்டில் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தார். வாராவாரம் போய் அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை அது தூறலாகக் குறைந்ததும் அண்ணன் ஏறினார். பீரோவுக்குப் பக்கவாட்டில், கெட்டியான பாறையில் கயிற்றைக் கட்டி இறங்கி அளந்தார். ஒரே வாரத்தில் ஆறு மில்லி. கதவிடுக்கிலிருந்து பொடிக்கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. "மூடு" என்றார். நான் கட்டையை இறக்கினேன். கீழ்ப்பக்கத்திலும் இறக்கினார்கள். எங்கள் இன்ஜினியர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். அதிகம் பேச மாட்டார். மேலே தொங்குகிறவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

பதினொன்றரை மணி இருக்கும். கட்டைக்குப் பின்னால் நாற்பது வண்டிகளாவது நின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் முன்னால் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவன் குதித்தான். அண்ணனின் மருமகன். உள்ளே அவர் மகள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கையில் வலி வந்துவிட்டது. எங்கள் சாலையில் போனால் இருபத்தைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. மலையைச் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம்.

நான் வாக்கி டாக்கியில் சொன்னேன்.

"அண்ணே, உங்க பொண்ணு ஆம்புலன்ஸ்ல வந்திருக்கு. வலி எடுத்துடுச்சு."

சரிவில் அவருடைய ஆரஞ்சு சட்டை அசையாமல் தெரிந்தது. இன்ஜினியர் என் கையிலிருந்து வாங்கிப் பேசினார்.

"அண்ணே, நான் பேசறேன். நீங்க போகலாம்னு சொன்னா இந்த ஒரு வண்டிய விடறேன். என்ன ஆனாலும் பொறுப்பு என்னோடது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார்.

ஆரஞ்சு சட்டை பீரோவை நோக்கி நகர்ந்தது. டேப்பை வைத்து ஒரு முறை அளந்தார். மறுபடி அளந்தார். மருமகன் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்தபடி நின்றான். ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அனத்துகிற சத்தம் கேட்டது.

"காலையிலேர்ந்து இன்னும் ஒரு மில்லி கூடியிருக்கு. விட வேணாம். சுத்திப் போகச் சொல்லுங்க."

மருமகன் வாக்கி டாக்கியைப் பறித்தான். "மாமா, அந்த இடத்தத் தாண்டப் பத்து செகண்டு ஆகுமா? பத்தே செகண்டு."

"வண்டியில டிரைவர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. அது மேல விழுந்தா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க மாப்பிள்ளை. நேரம் போகுது, கிளம்புங்க."

அவன் வாக்கி டாக்கியை என் நெஞ்சில் இடித்தாற்போலத் திருப்பிக் கொடுத்தான். ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் திரும்பவே கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அண்ணன் மேலேதான் இருந்தார். இறங்கி வந்து எட்டிப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் இறங்கியிருக்கலாம். அதை அன்றைக்கு நான் பெரிதாக நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் இறங்கி வந்தார். இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றாமல் சாலையோரமே உட்கார்ந்துவிட்டார். நான்தான் கழற்றிவிட்டேன். அப்போது அவர் மனைவி போனில் கூப்பிட்டார். பாதி வழியில், ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தி, நர்ஸே பிரசவம் பார்த்திருக்கிறார். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இப்போதுதான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, உள்ளே எடுத்துப்போயிருக்கிறார்கள்.

இரண்டு நாள் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். மகள் பிழைத்தாள். ஆனால் எழுந்து உட்கார ஒரு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் மருமகன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்.

"கல்லு விழல, இல்ல?"

விழவில்லை. அன்றும் விழவில்லை, அடுத்த வாரமும் விழவில்லை. மழை விட்டு வெயில் அடித்தது. இனி அதை அப்படியே விட முடியாது, நாமே இறக்கிவிடுவோம் என்று மேலிடத்தில் உத்தரவு வாங்கினோம். தட்டையான ரப்பர் பைகளைக் கதவிடுக்கில் செருகி, பம்பு வைத்துக் காற்றடித்தால் பை உப்பி, பாறையை வெளியே தள்ளிவிடும். விழத் தயாராக நிற்கிற பாறை அரை மணியில் போய்விடும் என்பது எங்கள் கணக்கு.

முதல் நாள் முழுக்கக் காற்றடித்தோம். பீரோ அசையவில்லை. இரண்டாம் நாள் இன்னும் பெரிய பைகள் வந்தன. ஒரு பை வெடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் பம்புக்காரன், இதற்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்று நினைப்பு, கிளம்ப மனசு வரவில்லை என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் பம்புக்காரனுக்கே உறைத்தது. கடைசியில் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஊறி விரிகிற பவுடரைக் கரைத்து ஊற்றிப் பிளந்தோம். துண்டு துண்டாகத்தான் இறங்கியது.

அது போன இடத்தில் பார்த்தால், பின்பக்கத்து அடியில், வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஆள் நெஞ்சு கனத்துக்கு மலையோடு ஒட்டிய பாறைத் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பீரோ முன்னால் சாய்ந்து அந்தத் திட்டின்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது. அண்ணன் அந்தத் திட்டைக் கடப்பாரையால் தட்டினார். ணங்கென்ற சத்தம் கீழே எனக்கே கேட்டது.

இறங்கி வந்து, "அன்னிக்கு விழுந்திருக்காது தம்பி" என்றார்.

அது எப்படித் தெரியும், யாரால் சொல்ல முடியும் என்று நான் ஏதோ சொன்னேன். இன்ஜினியரும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஏழு மில்லி நகர்ந்த பாறைக்குக் கீழே எந்த வண்டியையும் விடக்கூடாது, உள்ளே இருப்பது வெளியே தெரியாது, நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன் என்றார். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினார். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்த மாதிரி தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், இரண்டு வாய் போட்டுவிட்டு மூடிவிடுவார்.

அந்தத் திட்டைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லாமலே இருந்திருக்கலாம். மகள் உடம்பு தேறும் வரை கைக்குழந்தையோடு அவர் வீட்டில்தான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தக் கல் விழுந்திருக்காது, பத்து செகண்டில் தாண்டியிருக்கலாம், உனக்கு இவ்வளவு ரத்தம் போயிருக்காது என்று. பிற்பாடு இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார்.

அவள் துணியை மடிப்பதை நிறுத்தவில்லையாம்.

"வண்டிய விடலங்கறது இல்லப்பா எனக்கு வருத்தம். உங்க வேலை எனக்குத் தெரியாதா? நீங்க ஏன் கீழ எறங்கி வரல? அதான் இன்னும் மனசுல கெடக்கு."

அண்ணன் சொன்னார்:

"உன் முகத்தப் பாத்திருந்தா விடச் சொல்லியிருப்பேன்மா."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம், "அப்படின்னா வந்து அதையாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். குரலில் கோபம் இல்லை என்றார் அண்ணன். அதனாலேயே தாங்க முடியவில்லை என்றார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, மிதிப்பதை நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போய் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்கிற விதம் மாறியது. அளப்பது இனி ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று இன்ஜினியரிடம் கேட்டு, விரிசல்களில் தானாக அளக்கிற கருவிகளை வைக்கச் செய்தார். இன்னொன்று, சாலையை மூடினால், மேலே வேறு ஆளை நிறுத்திவிட்டு அவரே கட்டைக்கு இறங்கி வருவார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் போய், மூடச் சொன்னது நான்தான், காரணம் இது என்று சொல்வார். காய்கறி லாரிக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டுவார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அழும். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொள்வார். ஏன் அண்ணே இந்த வம்பு என்று கேட்டேன். மூடினவன் முகத்தைப் பார்த்துத் திட்ட அவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்றார்.

மருமகன் மட்டும் பேசவே இல்லை. மனைவியையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தபோதும் வாசலோடு நின்றுகொண்டானாம். ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று.

போன மாதம் ஒரு பெருமழைக்கு மறுநாள் மூடியிருந்தோம். வரிசையில் ஒரு பைக் வந்து நின்றது. அவன்தான். பின் சீட்டில் கட்டிய கூடையில் ஏதோ உதிரி பாகங்கள். அண்ணன் வழக்கம்போல வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அவனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு மற்றவர்களிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னார். மேலே ஒரு கல் விட்டிருக்கிறது, மூடச் சொன்னது நான்தான்.

அவன் இன்ஜினை அணைத்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும் மாமா?"

"தெரியல மாப்பிள்ளை. சுத்திப் போனா சீக்கிரம் போயிடலாம்."

அவன் சரிவைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். ஸ்டாண்டைப் போட்டான்.

"பரவால்ல. இருக்கேன்" என்றான்.