பதினோரு பேர் செட்டு

எங்கள் பக்கம் செட்டு இல்லாமல் ஒரு நாளும் விடியாது. கிணற்றடியில் ஓடுவது மோட்டார் செட்டு. மாதா கோயில் திருவிழாவில் அலறுவது மைக் செட்டு. அரூரில் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் சாப்பிடுவது செட் தோசை. என் மாமியார் டம்ளரில் கழற்றிப் போடுவது பல்செட்டு. பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஒரே மாதத்தில் திரும்பி வந்த என் கொழுந்தன், அந்த ஊர்த் தண்ணி செட் ஆகவில்லை என்றான். வேலைதான் செட் ஆகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் வெறுமனே செட்டு என்றால் எனக்கு எங்கள் நடவு செட்டுதான். மொத்தம் பதினோரு பெண்கள். போனில் வேலை பேசுவது நான். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அதனால்தான் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு. போனால் பதினோரு பேரும் போவோம், இல்லாவிட்டால் ஒருத்தியும் போகமாட்டோம். ஒரு செட்டு கோபித்துக் கரையேறிய வயலில் இன்னொரு செட்டும் இறங்காது.

போன வருஷம் மொரப்பூர் பக்கம் ஒரு நடவு. எங்களில் மூத்த அக்கா மொபட்டிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்து, கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. புருஷன் இல்லாதவர். கை போனவள் என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த வயலிலும் இறங்கவிடமாட்டார்கள் என்று பயந்து வந்துவிட்டார்.

வயல்காரர் அந்தக் கையைப் பார்த்தார். மதியம் மோட்டாருக்குக் கரண்டு போவதற்குள் நட்டு முடிக்கவேண்டும், பத்துப் பேர் போதும், அந்தம்மா வூட்டுக்குப் போகட்டும் என்றார். நான் பதில் சொல்லும் முன்பே அக்கா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயல்காரர் மேல் வந்ததைவிட அக்கா மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

"எங்கக்கா போறீங்க? வரப்புல உக்காருங்க" என்றேன். மற்றவர்களையும் கரையேறச் சொன்னேன்.

பறித்துக் கட்டிய நாற்று முடிகள் அப்படியே கிடந்தன. வயல்காரர் வேறு செட்டுகளுக்குப் போன் போட்டார். யார் எழுந்து போனது, எதற்காக என்று விசாரித்துவிட்டு, எல்லோரும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நான் வெளியில் வீராப்பாக வெற்றிலை மடித்தேன். உள்ளே கூலிக் கணக்குதான் ஓடியது. அந்த வாரம் எங்களுக்கு வேறு நடவு கிடையாது. தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி கழித்து அவரே வந்தார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

அக்காவை நடுவில் விட்டோம். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவர் பங்கிலும் எட்டி எட்டி நட்டோம். அவர் இடது கையால் நட்டார். தடுமாற்றம்தான், ஆனால் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. மோட்டார் நிற்பதற்கு முன்பே முடித்துவிட்டோம். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கால் கழுவும்போது வயல்காரர் பக்கத்தில் வந்தார். கடத்தூரில் தன் மச்சான் வயல் இருக்கிறது, திங்கட்கிழமை எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அக்கா நிமிர்ந்தார்.

"பதினோரு பேருங்க" என்றார்.