மீட்டர்காரர் பிடுங்கிய செடி

ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டுக்கு மின் கணக்கு எடுக்க வருபவர் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். மீட்டரைப் பார்க்கும் முன் வாசலில் இருக்கும் செடி ஒவ்வொன்றையும் கிள்ளி முகர்ந்து பார்ப்பார்.

பெங்களூரிலிருந்து மகள் எலுமிச்சை தைம் என்ற வெளிநாட்டு மூலிகைச் செடிகள் மூன்று கொடுத்தனுப்பினாள். கூட வந்த சீட்டு இங்கிலீஷில் இருந்தது. ஐந்தாவதோடு நின்ற எனக்குப் புரியவில்லை. சின்ன இலை, நல்ல வாசனை, அதனால் துளசிக்குச் செய்வதையே செய்தேன். குளித்துவிட்டுத் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவதும் கறுக்கத் தொடங்கிய அன்று அவர் வந்தார்.

"எலுமிச்சங்கா வாசன வருதே! தெனமும் தண்ணி ஊத்துறீங்களாக்கா?"

"ஆமாங்க. காஞ்சிடுமோன்னு பயம்."

"இன்னாக்கா நீங்க, வேரு அழுவுது பாருங்க." சொல்லிக்கொண்டே செடியைப் பிடுங்கி, வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியும் மணலும் கிடந்த மேட்டில் நட்டுவிட்டார்.

"ஐயோ, இருக்கிறதே அது ஒண்ணுதாங்க!"

"சாமை வெளையற மேடு மாரி இருந்தா பொழச்சிக்கும். ஊத்தணும்னு கை அரிச்சா, அந்தத் தண்ணிய நீங்களே குடிச்சிடுங்க."

இரண்டு மாதம் கழித்து வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"செடி இன்னா ஆச்சுக்கா?"

"மேடு முழுக்கப் படர்ந்திருக்குதுங்க."

"அப்பாடா! செத்திருந்தா இங்கயே நின்னு, ரீடிங்க உங்களையே படிச்சிச் சொல்லச் சொல்லலாம்னு இருந்தேன். அந்தச் செடிய நான் முன்ன பின்ன பாத்ததே இல்லக்கா."

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு அந்தக் கை எப்படி நடுங்காமல் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.