ஏத்தங்காய் மெஷினும் லலிதாவின் சங்கிலியும்

உப்பேரிக் கடையில் எண்ணெய் காய்வதற்கு முன்னால் முதலாளி காய்ந்துவிடுவான். கடை வைத்துக் கண்ணீர் விட்ட கூட்டாளிகளே, இது உங்களுக்காக எழுதுவது. சம்பளக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பாறசாலைக்குப் பக்கத்தில், ரோட்டோரத்தில் என் கடை. ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, வட்டமாகச் சீவி, தேங்காய் எண்ணெயில் வறுத்து, உப்பேரி என்று விற்கிறோம். அடுப்பு பூவார் கடப்புறத்து ஸ்டெல்லாவின் பொறுப்பு, கல்லா என் மனைவி லலிதாவின் பொறுப்பு, வாய் என் பொறுப்பு. கையால் சீவிக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை. அறுபத்தொன்பதாவது வயதில் எனக்குச் சீவுகிற மெஷின் வாங்க ஆசை வந்தது.

ரிப்போர்ட்

பேங்கில் புராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் உப்பேரியை இங்கே கடித்தால் சத்தம் தூரத்து ஊரான திருப்புறத்தில் கேட்கும், அங்கே ஒரு பசு அந்தச் சத்தத்துக்குத்தான் பால் சுரக்கிறது என்பதுவரை எழுதியிருந்தேன். மாதம் எத்தனை கிலோ விற்கும், ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்பதை மட்டும் எழுதவில்லை.

மேனேஜர் சின்னப் பெண், கோட்டயத்துக்காரி. முழுவதையும் பொறுமையாகப் படித்தாள். பிறகு, மெஷின் விலையில் நாலில் மூன்று பங்கு பேங்க் தரும், மீதி ஒரு பங்கு நாம் போட வேண்டும், அதற்கு மார்ஜின் என்று பெயர் என்றாள். இத்தனை சொல்லியும் முழுசாகத் தரக்கூடாதா என்று கேட்டேன்.

"அங்கிளே, பசு நன்னாயிட்டுண்டு. ஆனா மார்ஜினை அங்கிள் தன்னே போடணும்."

மார்ஜின்

அந்த ஒரு பங்கு லலிதாவின் கழுத்தில் இருந்தது. மூன்றரைப் பவுன். ஓணம் கழிந்த மூன்றாம் நாள் எங்கள் பேத்திக்கு நிச்சயதார்த்தம் குறித்திருந்தது. அதற்குள் மீட்டுத் தருவதாகச் சத்தியம் செய்தேன். நான் சத்தியம் செய்தால் லலிதா வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கொக்கியைக் கழற்றி, சங்கிலியை என் உள்ளங்கையில் வைத்தாள். அதை அடகுக் கடையில் பணயம் வைக்க நான் படி இறங்கும்போது சொன்னாள்:

"சம்பந்தக்காரங்க வரும்போ எனக்க கழுத்துல இது கெடக்கல்லேண்ணா, அந்த மெஷின நீங்க கழுத்துல கெட்டித் தூக்கிட்டு வந்து நிக்கணுமாக்கும். கேட்டியளா?"

வாய்

மெஷின் வந்தது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஒரு குலை காயைப் போட்டேன். நான் தும்மி முடிப்பதற்குள் சீவி முடித்துவிட்டது. ஒவ்வொரு சீவலும் எப்படி என்றால், கண்ணில் ஒட்டிக்கொண்டு பேப்பர் படிக்கலாம். விளம்பரம் உட்பட நான் படித்தேன்.

மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. லோன் பணம் நேராக மெஷின் கம்பெனிக்குப் போய்விட்டது. குலைக்கும் எண்ணெய்க்கும் கையில் காசு இல்லை. ஆரியங்கோட்டில் எனக்குக் கடனுக்குக் குலை தருகிறவர், பழைய கணக்குப்படி தினம் ஒன்றுதான் தருவார். இதற்கோ பத்து வேண்டும். மெஷின் வாங்குகிற பணம் வேறு, தினமும் அதற்குத் தீனி போடுகிற பணம் வேறு என்று என் நீண்ட ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. ஸ்டெல்லா சும்மா நின்ற மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மாமா, வாய மட்டும் பெருசா வாங்கீட்டு வந்திருக்கியளே, உங்களப் போலயே."

நல்ல யாவாரம்

கைமாற்று வாங்கித் தினம் நாலு குலை எடுத்தேன். ஆள் சேரட்டும் என்று விலையைக் குறைத்தேன். கூட்டம் நெய்யாற்றின்கரை வரை நின்றது என்றால் நம்ப மாட்டீர்கள். பாதி தூரமாவது நம்புங்கள்.

ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா பழைய காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டாள். நான் காயையும் எண்ணெயையும் மட்டும் வைத்து விலை சொல்லியிருந்தேன். காஸ், கரண்ட், அவள் கூலி, பேங்க் வட்டி எல்லாம் சேர்த்தால் கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் கையை விட்டுப் போகிறது. அன்றே விலையை ஏற்றினோம். மறுநாள் மழை, வாங்க ஒரு ஆள்கூட வரவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா நிம்மதியாகப் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தாள்.

"இருக்கட்டும் மாமா. போன வாரம் இதுபோல ஒரு மழ பெய்திருந்தா நாம தப்பிச்சிருப்போம்."

கடலில் கிடக்கும் மீன்

ஓணத்துக்கு இருபது நாள். சங்கிலி அப்படியே பணயத்தில் கிடந்தது. வழி சொன்னது ஸ்டெல்லாதான். அவர்கள் கடப்புறத்தில், மீன் கடலில் கிடக்கும்போதே வியாபாரி வள்ளக்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிடுவான். நாமும் ஓண உப்பேரிக்கு இப்போதே பாதி விலை வாங்கலாம் என்றாள். எனக்குக் குஷி. பாலராமபுரத்தில் பெரிய கடைக்காரர் ஒருவர் முழுவதையும் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஸ்டெல்லா தடுத்தாள். ஒரே ஆளிடம் வாங்கினால் விலை அவன் வாயில் இருக்கும். அவள் அப்பா சாகிறவரை அப்படி ஒருவனுக்கே மீன் பிடித்தாராம்.

ஆகவே வீடு வீடாகப் போனோம். நாற்பத்திரண்டு வீடு. என் கதைகளுக்கு முதல் தடவையாகக் காசு கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்து ஆரியங்கோட்டில் குலைகளை மொத்தமாகப் பேசி எடுத்தேன். கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ரூபாய் நோட்டை நீட்டியபடி சொன்னார்:

"உப்பேரி வரல்லேண்ணா திருவோணத்துக்கு நாங்க ஆறு பேரும் ஒங்க வீட்டுலதான் உண்ணுவோம். இலை போட்டு வச்சிருங்க."

குவியல்கள்

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் உப்பேரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இலை போட வேண்டி வரவில்லை. நிச்சயத்துக்கு முந்தின நாள் லலிதா வசூலைக் குவியல் குவியலாக வைத்தாள். குலைக்காரர், எண்ணெய், காஸ், கைமாற்று, ஸ்டெல்லா, பேங்க் தவணை. கடைசிக் குவியல் சங்கிலிக்கு. வட்டியோடு சரியாக இருந்தது. மேலே இருநூற்றுப் பத்து ரூபாய் மிச்சம். நானே போய் மீட்டு வந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் லலிதாவின் கழுத்தில் கொக்கியை மாட்டினேன். வயசு.

மறுநாள் சம்பந்தக்காரர் தொழில் எப்படி என்று விசாரித்தார். அடுத்து பாக்கெட் போடுகிற மெஷின், பிறகு ஏற்றுமதி, கப்பல்காரனிடம் பேசியாயிற்று என்று நான் தொடங்கினேன். லலிதா பாயசத்தை என் முன்னால் வைத்தாள்.

"வாங்குங்க. மார்ஜினுக்கு ஒங்க கழுத்துல என்ன கெடக்கு?"

எல்லோருக்கும் கொடுத்தது போக, வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் இருக்கும் அரை மணி நேரத்துக்குத்தான் எங்கள் தொழிலில் லாபம் என்று பெயர்.